மழைக்கு முந்திய படம் நம்மிடம் இருக்கிறதா?



கொஞ்சம் நீளமான பதிவு இது. மழைக்காலம் வருவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். ட்ரோன் வைத்திருக்கும் தம்பிமார், தோட்டத் தலைவர்மார், கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ளவர்கள், பெற்றோர், எல்லோரும் பொறுமையாக வாசியுங்கள்.

நுவரெலியா, தலவாக்கலை, ஹற்றன் பக்கம் இன்று ட்ரோன் கமரா வைத்திருக்கும் ஸ்டூடியோக்கள் கூடிவிட்டன. கல்யாணம், சடங்கு வீடு, கோயில் தேர், சென்ட் கிளெயார் நீர்வீழ்ச்சி, டெவன் நீர்வீழ்ச்சி என்று எல்லாவற்றையும் மேலே இருந்து பார்த்துவிட்டோம். நம் மலைகள் எவ்வளவு அழகு என்று உலகமே பார்க்கிறது. சந்தோஷம். ஆனால் ஒரு கேள்வி. உங்கள் லயத்துக்குப் பின்னால் நிற்கும் மலையை, ஒரே பாதையில், ஒரே உயரத்தில், மழைக்கு முன் ஒரு தடவையும் மழைக்குப் பின் ஒரு தடவையும் எடுத்த படம் யாரிடமாவது இருக்கிறதா?

எனக்குத் தெரிந்த தோட்டங்களில் கேட்டுப் பார்த்தேன். ஒருவரிடமும் இல்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் ட்ரோன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் ஆபத்தான ஒரு மலையையாவது வருடத்துக்கு இரண்டு தடவை, போன் செயலியில் பாதை குறித்து, அதே பாதையில் பறக்கவிட்டுப் படம் எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பாதை எங்கே போக வேண்டும் என்பதைத் தினமும் அந்த மலையில் ஏறி இறங்கும் தொழிலாளர்கள் சொல்ல வேண்டும். அந்தப் படம் மக்கள் கையிலும் இருக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுதான் பெரிய எமன். அதற்குப் பின் நம் கைத்தொலைபேசிகளுக்கு எத்தனை ட்ரோன் வீடியோக்கள் வந்தன! பச்சை மலையில் செம்மண் கோடு கோடாக இறங்கியிருந்தது. பார்த்து அழுதோம், பகிர்ந்தோம். ஆனால் அவ்வளவும் நடந்து முடிந்த பின் எடுத்த படங்கள். அந்த மண்ணுக்குக் கீழே எத்தனை வீடு இருந்தது, கான் எந்தப் பக்கம் போனது, மேலே வெடிப்பு முன்பே இருந்ததா என்பதைச் சொல்லக்கூடிய முந்திய படம் நம்மிடம் இருக்கவில்லை.

முந்திய படம் இருந்தால் என்ன பயன் என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்சரிவில் அழிந்தன. அவையும் நம் ஊர்களைப் போலத் தேயிலைத் தோட்டத்து ஊர்கள்தான். நாம் லயம் என்பதை அவர்கள் பாடி என்கிறார்கள். அடுத்த சில நாட்களிலேயே ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியத் தொலையுணர்வு மையம் இரண்டு செய்மதிப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டது. ஒன்று சரிவுக்குப் பின் எடுத்தது. மற்றது 2023 மே மாதத்தில் எடுத்தது. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் ஏறத்தாழ 86,000 சதுர மீற்றர் நிலம் வழுக்கியது என்று கணக்குச் சொன்னார்கள். அதே இடத்தில் முன்பும் ஒரு சரிவு நடந்திருந்த அடையாளம் பழைய படத்தில் தெரிந்தது. பழைய படம் இல்லாவிட்டால் இதில் எதையும் சொல்லியிருக்க முடியாது.

"செய்மதிப் படம் நமக்கும் இருக்கிறதே சேர், கூகிளில் பார்க்கலாமே?" என்று சிலர் கேட்பீர்கள். பார்க்கலாம். ஆனால் கூகிள் எப்போது நம் தோட்டத்தின் புதிய படத்தைப் போடும் என்பது நம் கையில் இல்லை. ஐரோப்பாவின் சென்டினல் 2 செய்மதிகள் 5 நாளுக்கு ஒரு தடவை எடுக்கும் படங்களை இலவசமாகத் தருகின்றன. ஆனால் அந்தப் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர். லயத்தில் ஒரு காம்பராவின் அகலம் மூன்று, நான்கு மீற்றர்தான். ஒரு முழுக் காம்பராவும் ஒரு புள்ளிக்குள் காணாமல் போய்விடும். அதோடு நமக்குப் படம் தேவைப்படும் மாதங்களில் மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கும். ஒரு சின்ன ட்ரோன் தரையிலிருந்து 60 மீற்றர் உயரத்தில் பறந்தால், படத்தின் ஒரு புள்ளி தரையில் சுமார் 2 சென்ரிமீற்றர். கையகல வெடிப்பு தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேபொயின்ட் என்றால் என்ன? ட்ரோனை ரிமோட்டால் கையில் ஓட்டுவது ஒரு முறை. போனில் செய்மதி வரைபடத்தைத் திறந்து, விரலால் புள்ளி புள்ளியாகக் குறித்து, "இந்தப் புள்ளிக்குப் போ, இந்த உயரத்தில் நில், கமராவை இந்தப் பக்கம் திருப்பு, படம் எடு, அடுத்த புள்ளிக்குப் போ" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது இன்னொரு முறை. அந்தப் புள்ளிகள்தான் வேபொயின்ட், வழிப்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் இடம், உயரம், வேகம், கமராவின் சாய்வு எல்லாம் செயலியில் பதிவாகும். லிச்சி என்ற செயலி இதற்குப் பெயர் போனது. டிஜேஐ கம்பனியின் சொந்தச் செயலியில் மினி 4 புரோ, எயார் 3, மெவிக் 3 போன்றவற்றுக்கு இந்த வசதி உள்ளே இருக்கிறது. நம் பிள்ளைகள் பலரிடம் இருக்கும் மினி 2 போன்றவற்றுக்கு அந்தச் செயலியில் இது கிடையாது. லிச்சி போன்ற வேறு செயலி வேண்டும்.

யூடியூபில் இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் அழகான வீடியோ எடுக்கும் வழியாகத்தான் சொல்லித் தருகிறார்கள். நமக்கு முக்கியம் வேறு. பாதையைச் சேமித்து வைத்தால் ஆறு மாதம் கழித்தும் ட்ரோன் அதே வழியில் போகும். கையில் ஓட்டும்போது எவ்வளவு கெட்டிக்காரனாலும் அதே இடம், அதே உயரம், அதே கோணம் என்று இரண்டாம் தடவை பிடிக்க முடியாது. கோணம் மாறினால் இரண்டு படத்தையும் ஒப்பிட முடியாது. மலை மாறியதா, கமரா மாறியதா என்று தெரியாது.

ஆனால் மலைநாட்டில் இதைச் செய்வது கொழும்பில் செய்வது போல் இல்லை. தம்பிமார் இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

செயலியில் 60 மீற்றர் உயரம் என்று போட்டால், பெரும்பாலான ட்ரோன்களில் அது கீழே உள்ள தரையிலிருந்து 60 மீற்றர் அல்ல. நீங்கள் ட்ரோனைக் கிளப்பிய இடத்திலிருந்து 60 மீற்றர். காலி முகத்திடலில் இரண்டும் ஒன்றுதான். நம் ஊரில் அப்படியில்லை. 30 பாகை சரிவுள்ள ஒரு தேயிலை மலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்து ரோட்டில் இருந்து மலையை நோக்கி 100 மீற்றர் முன்னே போனால் நிலம் ஏறத்தாழ 58 மீற்றர் உயர்ந்துவிடும். உங்கள் ட்ரோனுக்கும் தேயிலைச் செடிக்கும் இடையில் மிஞ்சுவது 2 மீற்றர். நடுவில் ஒரு நிழல் மரம் நின்றால் கதை முடிந்தது. திரும்பிக் கீழ்ப்பக்கம் போனால் தரை தள்ளிப் போகும், படத்தில் விவரம் குறையும்.

ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக உயரம் கணிக்க வேண்டும். லிச்சியில் பாதையைக் கணினியில் திட்டமிடும்போது "தரையிலிருந்து உயரம்" என்று தெரிவு செய்யும் வசதி உண்டு. செயலி இணையத்தில் உள்ள உயரத் தரவைப் பார்த்துத் தானே கூட்டிக் கழித்துக்கொள்ளும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. உலகம் முழுவதும் இலவசமாகப் பயன்படும் உயரத் தரவுகளில் பிரபலமானது, 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று 11 நாட்களில் அளந்தது. 30 மீற்றருக்கு ஒரு அளவு. அதற்குப் பின் வெட்டிய ரோடும் வளர்ந்த யூகலிப்டஸ் மரமும் அதற்குத் தெரியாது. முதல் தடவை பறக்கும்போது கணித்த உயரத்துக்கு மேலே இன்னும் 30 மீற்றர் கூட்டிப் பறக்கவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இறக்குங்கள்.

இன்னொரு விஷயம். உயரம் எல்லாம் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவதால், அடுத்த தடவையும் அதே இடத்திலிருந்துதான் கிளப்ப வேண்டும். 10 மீற்றர் பள்ளத்தில் நின்று கிளப்பினால் முழுப் பாதையும் 10 மீற்றர் கீழே இறங்கிவிடும். கோயில் முற்றமோ, பாடசாலை மைதானமோ, மதகோ, ஓர் இடத்தில் வெள்ளைப் பெயின்டால் அடையாளம் போட்டு வையுங்கள். மலையிலும் அசையாத பாறைகள் மூன்று, நான்கில் அடையாளம் வேண்டும். ட்ரோனின் ஜீபிஎஸ் சில மீற்றர் பிசகும். அந்த அசையாத அடையாளங்களை வைத்துத்தான் இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்த முடியும்.

பாதையை மேலும் கீழுமாகப் போடாதீர்கள். தேயிலை வரிசை மலைக்குக் குறுக்காக எப்படிப் போகிறதோ அப்படிப் போடுங்கள். ஒரு வரிசை முழுக்க ஒரே உயரம் வைக்கலாம். கணக்கு ஒன்று சொல்கிறேன். மினி 2 போன்ற ட்ரோன் தரையிலிருந்து 60 மீற்றரில் பறந்தால் ஒரு படத்தில் சுமார் 84 மீற்றர் அகலம் விழும். பக்கத்து வரிசையோடு முக்கால் பங்கு படம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டுமானால் 21 மீற்றருக்கு ஒரு வரிசை. 30 பாகைச் சரிவில் ஒவ்வொரு வரிசைக்கும் உயரத்தைச் சுமார் 12 மீற்றர் கூட்ட வேண்டும். 200 மீற்றருக்கு 200 மீற்றர், அதாவது ஏறக்குறைய 10 ஏக்கர் மலைக்கு 10 வரிசை, 160 படம் அளவில் போதும். ஒரு பட்டரியில் முடிக்கலாம். அந்தப் படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்க வெப்ஓடிஎம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நல்ல கணினி ஒன்று இருந்தால் இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

10ஆம், 11ஆம் தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடு சொல்லிக் கொடுக்கிறோம். பரீட்சைக்குப் பின் அதை எங்கே பயன்படுத்துவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மேலே சொன்ன பாதையைப் போட அந்தக் கோட்டை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

சிக்னல் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். சில ட்ரோன்களில் பாதை ட்ரோனுக்குள்ளேயே ஏற்றப்படும். ரிமோட் தொடர்பு அறுந்தாலும் அது பாதையை முடிக்கும். வேறு சிலவற்றில், மினி 2 உட்பட, போன்தான் நொடிக்கு நொடி கட்டளை அனுப்புகிறது. மலைமுகட்டுக்குப் பின்னால் போனால் தொடர்பு அறும், ட்ரோன் வீடு திரும்பப் பார்க்கும். வீடு திரும்பும் உயரமும் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவதுதான். நடுவில் அதைவிட உயரமான முகடு இருந்தால் நேரே போய் மோதும். ஆகவே அந்த உயரத்தைப் பாதையில் உள்ள மிக உயர்ந்த மரத்துக்கும் மேலே வைத்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். பள்ளத்தாக்கில் டேட்டா வராது. வரைபடத்தை வீட்டிலேயே திறந்து போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். குளிர்ந்த காலையில் பட்டரி சீக்கிரம் இறங்கும், சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போங்கள். மூடுபனி இறங்கினால் அன்றைய வேலையை விட்டுவிடுங்கள்.

எப்போது எடுப்பது? நம் மாவட்டத்திலேயே மழை இரண்டு விதம். ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை. இராகலை, வலப்பனைப் பக்கம் ஒக்டோபருக்குப் பின் வரும் வடகீழ் மழைதான் பலமானது. ஹற்றன் பக்கத்தார் மார்ச், ஏப்ரலிலும் மழை ஓய்ந்த பின்னரும் எடுங்கள். வலப்பனைப் பக்கத்தார் செப்டெம்பரிலும் பெப்ரவரியிலும் எடுங்கள். காலை எட்டு, ஒன்பது மணி போல ஒரே நேரத்தை வைத்துக்கொண்டால் நிழல் ஒரே பக்கம் விழும், ஒப்பிட இலகு.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். ஆம், அவர்களது வேலைதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களை 1:10,000 அளவில் தயாரிக்கிறது. அவர்களிடமும் ட்ரோன் இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் முதல் கட்டம், 100இல் இரண்டாம் கட்டம், 150இல் வெளியேறும் கட்டம் என்று எச்சரிக்கை தருவதும் அவர்கள்தான். அந்த எச்சரிக்கையை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. நம் ட்ரோன் படம் அதற்குப் பதிலும் அல்ல. ஆனால் 1:10,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது தரையில் 10 மீற்றர். நம் லயத்துக்கு மேலே கான் அடைத்து நிற்பதை அந்த வரைபடம் சொல்லாது. ஒரு மாவட்டத்தில் இருக்கும் அத்தனை மலைக்கும் வருடத்துக்கு இரண்டு தடவை ட்ரோன் அனுப்ப எந்த நிறுவனத்தாலும் முடியாது. அந்த ஊரில் இருப்பவனால் முடியும்.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தையில் அந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 2005இலும் 2011இலும் அந்த மக்களை இடம் மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. மாற்று நிலமும் வீடும் கொடுக்காமல் "எழும்பிப் போ" என்றால் தொழிலாளி எங்கே போவான்? சரிவுக்குப் பின் காணாமல் போனவர்களின் எண்ணிக்கை நாளுக்கு ஒரு கணக்காக மாறியது. எந்த லயத்தில் எத்தனை காம்பரா, எத்தனை குடும்பம் என்பதற்கே சண்டை.

ஆகவே ட்ரோன் படம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மீரியபெத்தையில் குறைந்தது தகவல் அல்ல, காணியும் வீடும்தான். ஆனால் தகவல் யார் கையில் இருந்தது என்பதும் ஒரு கேள்வி. எச்சரிக்கை ஒரு கோப்புக்குள் இருந்தது. அந்த மலையில் படுத்து எழும்பிய மக்கள் கையில் இருக்கவில்லை. இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "போன வருடம் இந்த வெடிப்பு இல்லை, இந்த வருடம் இருக்கிறது" என்று பிரதேச செயலாளர் மேசையில் வைப்பது வேறு. "ஐயா, எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று கைகட்டி நிற்பது வேறு. வீட்டுக்கு உறுதி இல்லாமல் 200 வருடமாக வாழும் சமூகம் நாம். இந்த இடத்தில் வீடு இருந்தது, இத்தனை வீடு இருந்தது என்பதற்குத் திகதி போட்ட ஒரு படமாவது நம்மிடம் இருக்கட்டும்.

இப்போது நான் முதலில் சொன்ன மற்ற விஷயம். பாதையை யார் குறிக்க வேண்டும்? ட்ரோன் வைத்திருக்கும் தம்பிக்குச் செயலி தெரியும். மலை தெரியாது. "7ஆம் நம்பர் மலையில் பீலிக்கு மேலே போன மாதத்திலிருந்து புதுசாக ஊற்று வருகிறது, தண்ணி கலங்கி வருகிறது" என்பது கொழுந்து எடுக்கும் அக்காவுக்குத்தான் தெரியும். எந்த மரம் சாய்கிறது, எந்தக் கான் மண் விழுந்து அடைந்திருக்கிறது என்பது கான் வெட்டும் அண்ணனுக்குத் தெரியும். மண்சரிவின் அறிகுறிகள் என்று அதிகாரிகள் பட்டியல் போடுவதும் இவற்றைத்தான்: நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று தோன்றும் ஊற்று, இருந்த ஊற்று மறைவது, கலங்கல் தண்ணீர். தேயிலைச் செடிக்குக் கீழே இருக்கும் வெடிப்பை மேலே இருந்து கமரா காணாது. காலால் நடப்பவர் காண்பார். அவரை உட்கார வைத்து, போனில் வரைபடத்தைக் காட்டி, "அக்கா, எந்த இடம்? விரலை வைங்க" என்று கேளுங்கள். அவர் விரல் வைத்த இடமெல்லாம் பாதையில் வர வேண்டும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்கு ஒன்றும் தேவையில்லை என்று வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். இலங்கையில் எல்லை 200 கிராம். 249 கிராம் மினியும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிவு செய்யப்பட வேண்டும். பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் இருக்கிறது. பதிவு, அனுமதி எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு, கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவித்துவிட்டுச் செய்யுங்கள். 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின் நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவது தடை செய்யப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் வெறும் கமராவைத் தூக்கவே எங்கள் பிள்ளைகள் பயந்தார்கள். ஆகவே ஒளித்து மறைத்துச் செய்யும் வேலையாக இது இருக்கவே கூடாது. நீர்த்தேக்கம், மின்நிலையம், முகாம் பக்கம் போக வேண்டாம். பாதை தானாக ஓடினாலும் ரிமோட் கையிலும் ட்ரோன் கண்ணிலும் இருக்க வேண்டும். அனர்த்தம் நடந்து ஹெலிகொப்டர் பறக்கும் நேரத்தில் நம் ட்ரோன் தரையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீடியோ எடுப்பது உதவி அல்ல, உபத்திரவம். நான் கேட்பது மழைக்கு முந்திய படம்.

சட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று, மானம். நம் லயங்களில் பெண்கள் குளிப்பது பீலியில். மறைப்பு சரியாக இல்லாத மலசலகூடங்கள் இன்னும் இருக்கின்றன. தலைக்கு மேலே கமரா சுற்றினால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? முதல் நாள் கோயில் ஒலிபெருக்கியிலும் பள்ளிவாசலிலும் அறிவியுங்கள், "நாளைக் காலை எட்டரைக்கு மேல்மலையில் ட்ரோன் பறக்கும், அரை மணித்தியாலம்தான்" என்று. பாதையைப் பீலிக்கு மேலாகப் போடாதீர்கள். கமரா நேரே கீழே பார்த்தபடி மலையை மட்டும் எடுக்கட்டும். எடுத்த படத்தை அந்த லயத்துக்காரருக்கே முதலில் காட்டுங்கள். இந்தக் கட்டுப்பாடு வைக்க வழிப்புள்ளி முறைதான் நல்லது. பாதையை முன்பே காகிதத்தில் எடுத்துக் காட்டி, "இதற்கு வெளியே போகாது" என்று சொல்லலாம். கையில் ஓட்டுபவனுக்கு அப்படி வாக்குக் கொடுக்க முடியாது.

குளவியையும் மறக்காதீர்கள். கூடு இருக்கும் மரத்துக்கும் பாறைக்கும் பக்கத்தில் தாழப் பறக்க வேண்டாம். குளவி கலைந்தால் கொட்டு வாங்குவது ட்ரோன்காரன் அல்ல, கீழே கூடையோடு நிற்கும் அக்காமார்.

"படத்தைக் காட்டினால் சனம் பயந்துவிடும்" என்று ஒரு பெரியவர் சொன்னார். மரியாதையோடு மறுக்கிறேன். மழை பெய்யும் ஒவ்வொரு இரவும் சனம் பயந்துகொண்டுதான் படுக்கிறது. எந்தப் பக்கம் ஆபத்து, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிந்தால் பயம் கூடாது, குறையும். மாற்றமே இல்லை என்று இரண்டு படமும் காட்டினால் அதுவும் நல்ல செய்திதான். ஆனால் ஒன்று கவனம். படத்தில் வெடிப்பு இல்லை என்பதற்காக மலை பாதுகாப்பு என்று யாரும் சான்றிதழ் கொடுக்கக்கூடாது. அந்த முடிவை எடுக்க வேண்டியது புவியியலாளர். நம் வேலை, மாற்றத்தைக் கண்டால் கொண்டுபோய்க் கொடுப்பது.

"தோட்டத்துரை விடுவாரா?" என்பது அடுத்த கேள்வி. கேட்டுப் பார்க்க வேண்டும். சரிகிற மலையில் லயம் மட்டுமல்ல, கம்பனியின் தேயிலையும் ரோடும் இருக்கின்றன. ஒரு பிரதி அவர்களுக்கும் தருகிறோம் என்று சொல்லுங்கள். ஆனால் ஒரு பிரதி கட்டாயம் ஊரில் இருக்க வேண்டும். பாடசாலைக் கணினியில் ஒன்று, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்திடம் ஒன்று, கிராம உத்தியோகத்தரிடம் ஒன்று. படத்தோடு பாதைக் கோப்பையும் சேர்த்து வையுங்கள். எடுத்த தம்பி நாளை கட்டாருக்கோ கொழும்புக்கோ போய்விட்டாலும் அடுத்தவன் அதே பாதையில் பறக்கவிட வேண்டும்.

இப்போதைக்கு நான் கேட்பது மூன்றே விஷயம்.

ஒன்று, ட்ரோன் வைத்திருக்கும் தம்பிமார் வருடத்துக்கு இரண்டு காலை நேரத்தை உங்கள் ஊருக்குக் கொடுங்கள். கல்யாணத்துக்கு எடுக்கும் கூலியை ஊர் தராவிட்டாலும் பட்டரிச் செலவைச் சங்கம் தரட்டும்.

இரண்டு, தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உங்கள் பிரிவில் எந்த மலை பயம் என்று பெயர் சொல்லிக் குறித்துக் கொடுங்கள்.

மூன்று, புவியியல், தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து பாதை போடும் கணக்கைச் செய்யுங்கள். ட்ரோன் இல்லாமலே, வெறும் வரைபடத்தில் முக்கால்வாசி வேலை முடியும். உதவி தேவைப்படும் பாடசாலைக்கு நானும் வருகிறேன். விடுமுறை நாளில் பஸ் ஏறினால் சரி.

எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நாளில் முடியாது. இந்த மழைக்கு முன் ஒரு பிரிவுக்கு ஒரு மலை என்று தொடங்குவோம். எந்த மலை என்பதை உங்கள் ஊர் அக்காமாரிடம் கேட்டுவிட்டுக் கீழே எழுதுங்கள்.